நெதர்லாந்தில் படிக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் லைடனில் முதுகலை படிக்கிறேன். அடுத்த செப்டம்பரில் வரப்போகிற பிள்ளைகளும், அவர்களைவிட அதிகக் கவலையில் இருக்கும் அவர்களுடைய அம்மா அப்பாவும் அனுப்பும் கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன். விசா, கட்டணம் பற்றிப் பல்கலைக்கழகங்களே தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. இது ஊர் வழக்கம் பற்றியது. நான் பார்ப்பது நாட்டின் மேற்குப் பகுதியை, அதுவும் மாணவர் வாழ்க்கையை. தெற்கே பிராபன்ட், லிம்பர்க் பக்கம் மனிதர்களின் போக்கே கொஞ்சம் வேறு.

ஹாலந்து என்பதா, நெதர்லாந்து என்பதா?

நாட்டின் பெயர் நெதர்லாந்து. 12 மாகாணங்களில் வட ஹாலந்து, தென் ஹாலந்து என்ற இரண்டுக்கு மட்டும்தான் ஹாலந்து என்று பெயர். ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக், லைடன் எல்லாம் இந்த இரண்டுக்குள் வந்துவிடுவதால் வெளியார் மொத்த நாட்டையும் ஹாலந்து என்கிறார்கள். கால்பந்து மைதானத்தில் டச்சுக்காரர்களே அப்படித்தான் கத்துவார்கள். ஆனால் குரோனிங்கனிலிருந்து வந்த ஒருவரிடம் "நீங்கள் ஹாலந்துதானே?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

சைக்கிள் ஓட்டத் தெரியாமல் அங்கே வாழ முடியுமா?

முடியும், ஆனால் பாதி வாழ்க்கைதான் கிடைக்கும். மக்கள் தொகை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம். சைக்கிள்கள் அதைவிட அதிகம். உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் மட்டும் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறது. ஆனாலும் காலை எட்டரைக்குப் போனால் இடம் தேடி அலைவீர்கள்.

இது ஏதோ பிறவிக் குணம் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கேயும் கார் பெருகியது, சில ஊர்களில் கால்வாயை மூடிச் சாலை போட்டார்கள். 1971-இல் சாலை விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற முழக்கத்தோடு பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசே சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது நாம் ஓட்டும் சிவப்பு நிறச் சைக்கிள் பாதைகள் அந்தப் போராட்டங்களுக்குப் பிறகு, சண்டை போட்டு வாங்கியவை. நம் ஊரில் "அவங்க நாடு அப்படி" என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அப்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

நடைமுறைக்கு வருவோம். புது சைக்கிள் வாங்காதீர்கள், திருட்டு ஏராளம். பழையது ஒன்று வாங்கி, சைக்கிள் விலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத நல்ல பூட்டாக இரண்டு போடுங்கள். ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று கம்பத்தோடு சேர்த்துப் பிணைக்க. இல்லாவிட்டால் மாத வாடகைக்கு எடுக்கலாம். முன் சக்கரம் நீல நிறத்தில் இருக்கும் ஸ்வாப்ஃபீட்ஸ் சைக்கிள்களை எல்லா மாணவர் ஊரிலும் பார்ப்பீர்கள். 2014-இல் டெல்ஃப்டில் தொடங்கிய நிறுவனம் அது. இருட்டினால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். திரும்பும்போது கையை நீட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்தால் 100 யூரோவுக்கு மேல் அபராதம். 2019 ஜூலையிலிருந்து அந்தச் சட்டம் இருக்கிறது. ஹெல்மெட் போடுகிறவர்கள் குறைவு. முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு குழந்தை, கைப்பிடியில் காய்கறிப் பை என்று அம்மாக்கள் எதிர்க்காற்றில் மிதித்துப் போவதைப் பார்த்தபின் நீங்களும் மழையைச் சாக்குச் சொல்ல மாட்டீர்கள்.

முகத்துக்கு நேரே பேசிவிடுவார்களாமே?

ஆமாம். கட்டுரையை எடுத்துக்கொண்டு போனால் "இந்த இரண்டாவது பகுதி தேவையே இல்லை, வாதம் நிற்கவில்லை" என்று பேராசிரியர் சொல்லுவார். அதே மூச்சில் "காபி குடிக்கலாமா?" என்பார். அவர் சொன்னது கட்டுரையை மட்டும்தான். நாம்தான் அதை வீட்டுக்குச் சுமந்துகொண்டு வந்து ராத்திரி முழுக்கப் புரள்வோம். நீங்களும் அவரிடம் "இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, காரணம் இது" என்று சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருப்பதை மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தயாரிக்காமல் வந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். 'சார்' போட்டே பழகிய வாய்க்கு இது லேசில் வராது. அவரே மின்னஞ்சலின் கீழே முதல் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டால் அதுதான் அனுமதி.

மதிப்பெண் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1 முதல் 10 வரை. 5.5 வாங்கினால் தேர்ச்சி. 7 நல்ல மதிப்பெண், 8 வாங்கினால் கொண்டாடலாம். 9 அபூர்வம், 10 இருக்கிறது என்று கேள்விப்படத்தான் முடியும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "பத்துக்கு ஏழுதானா?" என்று அப்பா கேட்பது நிச்சயம்.

ஒரு காபிக்குக்கூடக் காசு கேட்பார்களாமே, அவ்வளவு கஞ்சர்களா?

'டிக்கி' என்று ஒரு செயலி. 2016-இல் ஏபிஎன் ஆம்ரோ வங்கி கொண்டுவந்தது. நான்கு பேர் சேர்ந்து சாப்பிடுவீர்கள், ஒருவர் பணம் கட்டுவார். வீடு போய்ச் சேருவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வரும்: உங்கள் பங்கு 11 யூரோ 35 சென்ட். தொட்டால் வங்கிக்குப் போகும், அனுப்பிவிட வேண்டியதுதான். 2 யூரோவுக்கும் வரும். முதலில் எல்லோருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

எனக்கு இதில் இப்போது ஒரு கட்சி உண்டு. நாம் மட்டும் கணக்குப் பார்க்காதவர்களா என்ன? மொய் நோட்டில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று இருபது வருடம் பத்திரமாக வைத்து, அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்துத் திருப்புகிறோம். நம் வழக்கத்தில் தீராத கணக்கு உறவை நீட்டிக்கிறது. இவர்கள் கணக்கை அன்றைக்கே தீர்த்துவிட்டு, பிறகு பேச்சு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். கையில் காசு இல்லாத மாணவருக்கு இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. "எப்போதும் அவனே கொடுக்கிறான், நான் என்ன செய்வது" என்ற கூச்சம் கிடையாது. "இந்த வாரம் கையில் இல்லை, நான் வரவில்லை" என்று சொன்னாலும் யாரும் தவறாக நினைப்பதில்லை.

வீட்டுக்குப் போனால் சாப்பாடு போட மாட்டார்களாமே?

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தால் வயிறாரப் போடுவார்கள். காபிக்குக் கூப்பிட்டிருந்தால் காபிதான். கூடவே ஒரு பிஸ்கட். டப்பாவைத் திறந்து நீட்டுவார்கள், ஒன்று எடுத்ததும் மூடிவிடுவார்கள். இதைப் பற்றி டச்சுக்காரர்களே கேலி பேசிக்கொள்வார்கள். மாலை ஆறு மணிக்கு அவர்கள் இரவுச் சாப்பாடு. ஐந்தரைக்கும் நீங்கள் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரர் லேசாக நெளிய ஆரம்பிப்பார். சமைத்தது தலைக்கு இத்தனை என்று அளந்து சமைத்ததாக இருக்கும்.

சொல்லாமல் போய்க் கதவைத் தட்டும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் நாள் குறிக்க வேண்டும், நெருங்கிய நண்பனைப் பார்க்கக்கூட. "மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை எட்டு மணி?" என்பார்கள். நமக்கு அது தட்டிக் கழிப்பது போலப் படும். இல்லை, அந்த வியாழக்கிழமை சரியாக எட்டு மணிக்கு அவர்கள் வந்து நிற்பார்கள், அன்று மாலை முழுக்க உங்களுக்குத்தான்.

பிறந்தநாள் கொண்டாட்டம் எப்படி இருக்கும்?

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் உட்கார்ந்துகொள்வார்கள். உள்ளே நுழைகிறவர் ஒவ்வொருவராகக் கை குலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டே வட்டத்தைச் சுற்றி வர வேண்டும். பிறந்தநாள்காரருக்கு மட்டும் இல்லை. அவர் அம்மாவிடம் "உங்கள் மகளுக்காக வாழ்த்துகள்", தம்பியிடம் "உங்கள் அக்காவுக்காக வாழ்த்துகள்", பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்று. அப்புறம் காபி, ஆளுக்கு ஒரு துண்டு கேக். எழுந்து இடம் மாறுவது அவ்வளவு சுலபமில்லை, அதனால் உட்காரும்போதே யார் பக்கத்தில் என்று பார்த்து உட்காருங்கள். இளைஞர்கள் இந்த வட்டத்தைக் கிண்டல் செய்வார்கள், ஆனால் பாட்டி வீட்டுக்குப் போனால் ஒழுங்காக உட்கார்ந்துகொள்வார்கள்.

பல வீடுகளில் கழிப்பறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். அதில் வருடம், கிழமை எதுவும் இருக்காது, உறவினர் நண்பர்களின் பிறந்தநாள்கள் மட்டும். தினமும் தவறாமல் பார்க்கும் இடம் என்பதால் அங்கே மாட்டுகிறார்கள். யோசித்தால் சரிதான். இன்னொன்று, அலுவலகத்திலோ வகுப்பிலோ உங்கள் பிறந்தநாளுக்கு நீங்கள்தான் கேக் வாங்கி வர வேண்டும். நாம் பள்ளியில் சாக்லேட் கொடுத்தது போலத்தான், இங்கே அறுபது வயதிலும் கொடுக்கிறார்கள்.

சாப்பாடு?

மதியச் சாப்பாட்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டு துண்டு ரொட்டி, நடுவில் சீஸ், முடிந்தது. பல்கலைக்கழகத்தின் மூத்த பேராசிரியரும் அதைத்தான் டப்பாவில் கொண்டுவருகிறார். காலையில் ரொட்டி மேல் வெண்ணெய் தடவி, அதன்மேல் சாக்லேட் துகள்களைத் தூவிச் சாப்பிடுகிறார்கள். 'ஹாகல்ஸ்லாக்' என்று பெயர், பெரியவர்களும் சாப்பிடுவார்கள். குளிர்காலத்தில் உருளைக்கிழங்கோடு ஏதாவது ஒரு காயை மசித்த கூழ். உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாயை உங்களுக்கு நீட்டிவிட்டு உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அது அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

நம் நாக்கைக் காப்பாற்றுவது சூரினாம் கடைகள். 1873-இல் 'லாலா ரூக்' என்ற கப்பலில் தொடங்கி, வட இந்தியாவிலிருந்து டச்சுக் காலனியான சூரினாமுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக மக்களைக் கொண்டுபோனார்கள். 1975-இல் சூரினாம் விடுதலை பெற்ற காலத்தில் அவர்களுடைய வம்சத்தில் பலர் நெதர்லாந்துக்கு வந்துவிட்டார்கள். ஹேக் நகரில் அவர்கள் அதிகம். லைடனிலிருந்து ரயிலில் கால் மணி நேரம் போனால் ரொட்டி, உருளைக்கிழங்கு மசாலா, காராமணிக்காய், அவித்த முட்டை, கோழிக் குழம்பு என்று ஒரு தட்டு கிடைக்கும். கையாலேயே சாப்பிடலாம். இந்தோனேசியக் கடைகளில் புளி, தேங்காய்ப் பால், மிளகாய் எல்லாம் உண்டு. சைவமாகச் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், பல்கலைக்கழக விருந்துகளில் சைவம் இருந்தே தீரும்.

என்னென்ன பண்டிகைகள்?

ஏப்ரல் 27 மன்னர் பிறந்தநாள். வில்லெம்-அலெக்சாந்தர் பட்டத்துக்கு வந்த மறு வருடம், 2014-இலிருந்து இந்தத் தேதி. ஞாயிறு வந்தால் முந்தின நாள். ஊரே ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அன்று மட்டும் யார் வேண்டுமானாலும் அனுமதி வாங்காமல் தெருவில் கடை போடலாம். குழந்தைகள் போர்வையை விரித்துத் தங்கள் பழைய பொம்மைகளை விற்பார்கள், பேரமும் பேசுவார்கள். புதிதாக வந்தவர்கள் பாத்திரம், விளக்கு, குளிர்கோட் எல்லாம் அன்றைக்கு வாங்கிவிடலாம். ஆரஞ்சு சட்டை இல்லாமல் போகாதீர்கள்.

மே 4 இரவு எட்டு மணிக்குப் போரில் இறந்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம். ரயில்கள்கூட நிற்கும். அந்த நேரத்தில் போனில் பேசிக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். அடுத்த நாள், மே 5, ஜெர்மானியரிடமிருந்து விடுபட்ட நாள், பாட்டுக் கச்சேரிகள்.

லைடனுக்கென்று தனித் திருநாள் அக்டோபர் 3. 1574-இல் ஸ்பானியப் படை ஊரை முற்றுகையிட்டு மக்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, டச்சுக்காரர்கள் தாங்களே அணைக்கரைகளை உடைத்து வயல்களை மூழ்கடித்து, அந்தத் தண்ணீரில் படகு ஓட்டி வந்து ஊரை மீட்டார்கள். கடலைத் தடுத்து நிலமாக்கிய மக்கள் அதே நிலத்தைத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுத்து ஜெயித்த கதை இது. படகில் வந்த ஹெரிங் மீனையும் வெள்ளை ரொட்டியையும் இன்றும் அன்று காலை ஊரில் வழங்குகிறார்கள். ஸ்பானியர்கள் விட்டு ஓடிய பானையில் இருந்ததாகச் சொல்லப்படும் காரட், வெங்காயக் கூழை இரவு எல்லோரும் சாப்பிடுவார்கள். இப்போது அதில் உருளைக்கிழங்குதான் முக்கால்வாசி. 1574-இல் இங்கே யாரும் உருளைக்கிழங்கு சாப்பிடவில்லை என்பதைச் சொல்லி விருந்தைக் கெடுக்க வேண்டாம். அடுத்த வருடமே, 1575-இல், பல்கலைக்கழகம் வந்தது. அக்டோபர் 3 அன்று எங்களுக்கு வகுப்பு கிடையாது.

டிசம்பர் 5 சிந்தர்கிளாஸ், குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் புனித நிக்கோலஸின் பண்டிகை. அவர் நவம்பர் நடுவில் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வருவதாக ஐதீகம். குழந்தைகள் ராத்திரி ஷூவில் அவருடைய குதிரைக்குக் காரட் வைப்பார்கள், காலையில் மிட்டாய் இருக்கும். மாணவர் வீடுகளில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, வருகிற ஆளுக்குச் சின்னப் பரிசும் அவரைக் கிண்டல் செய்து எதுகையோடு ஒரு பாட்டும் எழுத வேண்டும். வருடம் முழுவதும் நீங்கள் பாத்திரம் கழுவாமல் விட்டது அந்தப் பாட்டில் வந்துவிடும்.

இந்தப் பண்டிகைக்கு ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. சிந்தர்கிளாஸின் உதவியாளர் 'கறுப்பு பீட்' வேடத்துக்கு வெள்ளையர்கள் முகத்தில் கறுப்பு மை பூசி, சிவப்பு உதடு வரைந்துகொள்வார்கள். கறுப்பின மக்கள் இதைப் பல வருடம் எதிர்த்துப் போராடினார்கள், கைதும் ஆனார்கள். 2019-இலிருந்து தேசியத் தொலைக்காட்சியில் வரும் ஊர்வலத்தில் முழு மை கிடையாது, புகைபோக்கிக் கரி பட்டது போல இரண்டு கோடு மட்டும். "அது எங்கள் குழந்தைப் பருவம்" என்று முனகுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதையும் வெளிப்படையாகப் பேசும் மக்கள் இந்த ஒன்றைப் பேச மட்டும் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது எனக்கு வியப்புதான்.

அறை கிடைக்குமா?

உண்மையான கஷ்டம் இதுதான். விமான டிக்கெட்டுக்கு முன்னால் அறை தேடுங்கள். பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பிக்க வாய்ப்பு இருந்தால் கட்டணத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள். தனியார் மாணவர் வீடுகளில் ஒரு அறை காலியானால், அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் விண்ணப்பித்தவர்களை ஒரு மாலை வரவழைத்துப் பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். பெண் பார்க்கும் வைபவத்தைவிடக் கொடுமை. பத்துப் பேர் ஒரே சோபாவில். சில விளம்பரங்களில் வெளிநாட்டு மாணவர் வேண்டாம் என்றே எழுதியிருக்கும்.

அறையைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். அந்த முகவரியில் நகராட்சியில் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேண்டாம். பதிவு இல்லாமல் குடிமக்கள் எண் இல்லை, அது இல்லாமல் வேலை இல்லை, வங்கிக் கணக்கும் இழுபறிதான்.

ஜன்னலுக்குத் திரை போட மாட்டார்களாமே?

பலர் போடுவதில்லை. வரவேற்பறை முழுக்கத் தெருவுக்குத் தெரியும். உற்றுப் பார்க்காமல் போவதுதான் நாகரிகம்.

கஞ்சா எல்லாம் சுலபமாகக் கிடைக்குமே, பிள்ளை கெட்டுவிட மாட்டானா?

அம்மாக்களின் கேள்வி. சட்டப்படி அது இன்னும் குற்றம்தான். 1976-இலிருந்து சிறு அளவைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். அனுமதி பெற்ற கடையில் 18 வயதானவருக்கு 5 கிராம் வரை. என் வகுப்பு டச்சு மாணவர்கள் அதில் பெரிய அக்கறை காட்டிப் பார்த்ததில்லை. கடை வாசலில் நிற்பது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள். பீரைப் பற்றிக் கவலைப்படுங்கள், அதுதான் எங்கும் இருக்கிறது.

இப்போது என்ன புதுப் போக்கு?

பழைய பொருள் வாங்குவது. துணி, சோபா, தட்டு எல்லாம் மறுவிற்பனைக் கடையில். அதில் கௌரவக் குறைச்சல் இல்லை, "இது 4 யூரோ" என்று பெருமையாகச் சொல்வார்கள். பாட்டிலையும் டின்னையும் சூப்பர்மார்க்கெட் எந்திரத்தில் போட்டால் காசு திரும்ப வரும். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 2021-இலிருந்து, டின்னுக்கு 2023-இலிருந்து 15 சென்ட். விருந்து முடிந்த மறுநாள் மூட்டை கட்டிக்கொண்டு போகும் மாணவர்களைப் பார்க்கலாம். சூப்பர்மார்க்கெட்டில் சிகரெட் விற்பதை 2024 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் தடித்த டயர் போட்ட மின்சைக்கிள் மோகம். அதன் வேகத்தைப் பற்றி ஊரெல்லாம் சண்டை.

வேலை நேரம் குறைவு என்பது புதிதல்ல, ஆனால் நமக்குப் புதிது. சராசரியாக வாரத்துக்கு 32 மணி நேரம்தான், ஐரோப்பாவிலேயே குறைவு. புதன்கிழமை பிள்ளையோடு இருக்கும் அப்பாக்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை.

பகுதி நேர வேலை செய்யலாமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் வாரம் 16 மணி நேரம், அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் முழு நேரம். முதலாளி உங்களுக்காக அனுமதி வாங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த உடனே டச்சு மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிட்டுப் பிறகு அபராதக் கடிதத்தோடு நிற்கிறார்கள்.

டச்சு கற்றுக்கொள்ள வேண்டுமா?

தேவைக்கு ஆங்கிலம் போதும். நீங்கள் தட்டுத் தடுமாறி டச்சில் தொடங்கினாலும் அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அப்போதும் விடாமல் டச்சிலேயே தொடருங்கள். மேசையில் ஏழு டச்சுக்காரர்களும் நீங்களும் என்றால், முதல் அரை மணி ஆங்கிலம், பிறகு சிரிப்பு எல்லாம் டச்சில்தான். பல வருடம் இங்கே வாழ்ந்தும் வெளியாளாகவே இருந்துவிட்டுப் போகிறவர்கள் அந்த மேசையில்தான் தோற்கிறார்கள்.

நம் ஆட்கள் இருக்கிறார்களா?

மாணவர்களும் கணினித் துறையினரும் நிறைய. அவர்களுக்கு முன்பே போர்க்காலத்தில் வந்த ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். வடக்கு முனையில் டென் ஹெல்டரில் அவர்கள் அமைத்த பிள்ளையார் கோயில் உண்டு. லைடனோடு நமக்குப் பழைய தொடர்பும் இருக்கிறது: நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த சோழர் செப்பேடுகள், டச்சுக்காரர்கள் கையில் அகப்பட்டு, 1862-இல் லைடன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன.

வரும்போது என்ன எடுத்து வர வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், அப்போஸ்டில் முத்திரையோடு (வெளிநாட்டில் செல்லும் என்று அரசு இடும் சான்று). நகராட்சியில் கேட்பார்கள். அடுத்தது, மின்காந்த (இண்டக்ஷன்) அடுப்பில் வைக்கக்கூடிய பிரஷர் குக்கர்; மாணவர் விடுதிகளில் அந்த அடுப்புதான் அதிகம். ஊரிலிருந்து குடை வேண்டாம், இந்தக் காற்றில் ஒரு வாரம் தாங்காது. மழைக் கோட்டும் மழைக் கால்சட்டையும் இங்கே வந்து வாங்குங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் மருத்துவரின் சீட்டோடு எடுத்து வாருங்கள். வந்த முதல் மாதமே குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துவிடுங்கள், அவர் எழுதிக் கொடுக்காமல் சிறப்பு மருத்துவரைப் பார்க்க முடியாது. காய்ச்சல் என்று போனால் பாராசிட்டமால் போட்டுவிட்டுப் படுங்கள் என்றுதான் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 112.